ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன்: ஒலி நிறுவலில் அறை செய்யும் கோளாறுகள்

ஓர் இடத்தில் ஸ்பீக்கர்களை வைத்து ஒலியையே கலைப்படைப்பாகக் கேட்க வைப்பதுதான் ஒலி நிறுவல். ஸ்டுடியோவில் துல்லியமாகக் கேட்ட ஒலிப்படைப்பைக் கண்காட்சிக் கூடத்தில் மாட்டியதும் அது வேறு ஆளாகிவிடும். பேச்சு குழம்பும். பேஸ் ஒரு மூலையில் மட்டும் முட்டும். நாலா பக்கமும் சுற்ற வேண்டிய ஒலி ஒரே ஸ்பீக்கரில் ஒட்டிக்கொள்ளும். உடனே ஆம்பை மாற்றலாமா, ஸ்தாயி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகலாமா என்று பேச்சு கிளம்பும். வாடகைக்குக் கொடுத்தவருக்குப் போன் போகும். பாவம், பெரும்பாலும் அவர் கொடுத்த பெட்டியில் தப்பு இருக்காது. கேட்பவர் காதுக்கு வந்து சேரும் ஒலியில் ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது ஒரு பங்குதான். சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதி வருவது பல கூடங்களில் அதைவிடப் பெரிய பங்கு. ஒலிக்கலையில் இந்த இரண்டாவது பங்கையும் சேர்த்துத்தான் படைப்பு என்கிறோம்.

கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரு சின்ன ஆயத்தம்.

தொடங்கும் முன்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டல். 'டப்' என்று அடங்கினால் நல்லது. நீண்டு இழுத்தால் முழக்கம், அதாவது சுவர்களில் மோதி மோதித் தேயும் ஒலி, அதிகம். 'ட்ர்ர்ர்' என்று படபடத்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. அடுத்து, டேப் வைத்து நீள அகல உயரத்தை மீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்குகளுக்கு வேண்டும். பிறகு, காட்சி நேரத்தில் ஓடப்போகும் ஏசி, ஃபேன், ப்ரொஜெக்டர், விளக்கு அத்தனையையும் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அப்போது கேட்கும் இரைச்சல்தான் உங்கள் தரைமட்டம். அதற்குக் கீழே நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் நுணுக்கம் யார் காதுக்கும் எட்டாது.

ஒரே ஓர் எண்ணை மனதில் வையுங்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட்.

அறிகுறி: பேச்சு கேட்கிறது, வார்த்தை புரியவில்லை

அதிகம் வரும் புகார் இது. எல்லோரும் செய்யும் முதல் காரியம் வால்யூமைக் கூட்டுவது. அதனால் ஒன்றும் ஆகாது. நேராக வரும் ஒலி எவ்வளவு கூடுகிறதோ, முழக்கமும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே நிற்கும்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே புகார்தான் வந்தது. ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் புது விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து, கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். காலிக் கூடத்தில் 5 நொடிக்கு மேல் இழுத்த முழக்கம், மெத்தைகள் நிறைந்தபோது ஒரு நொடியை ஒட்டி வந்தது. அதிலிருந்து கிடைத்த கணக்கைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்க நேரம்.

நம் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம். சிமெண்ட் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. கன அளவு 320. உள்பரப்பு மொத்தம் 304 சதுர மீட்டர். இந்த மாதிரிப் பரப்பு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை விழுங்கினால் அதிகம். ஆக உறிஞ்சல் 9 சதுர மீட்டர் சொச்சம். முழக்க நேரம் 5.7 நொடி. சாதாரணப் பேச்சில் நொடிக்கு நாலைந்து அசை வரும். ஓர் அசை அடங்குவதற்குள் இருபதுக்கு மேல் புது அசைகள் அதன் தலைமேல் ஏறிக்கொள்கின்றன. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இங்கே பேச்சு புரியாது.

இனிச் செய்ய வேண்டியவை, நான் செய்யும் வரிசையிலேயே. முதலில் ஸ்பீக்கரைக் கேட்பவரிடம் கொண்டு போங்கள். எந்தக் கூடத்திலும் நேரொலியும் முழக்கமும் சமமாகும் ஒரு தூரம் உண்டு. மேலே சொன்ன கூடத்தில், ஓரளவு திசை கூர்ந்த ஸ்பீக்கருக்கு அது ஒரு மீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டி நின்றால் நீங்கள் கேட்பது கூடத்தை. அதற்குள் நின்றால் குரலை. அதனால் சுவரில் உயரே இரண்டு பெரிய பெட்டி மாட்டுவதைவிட, காது உயரத்தில் பல சின்ன ஸ்பீக்கர்களைத் தணிந்த வால்யூமில் வைப்பது எப்போதும் மேல். ஷில்பா குப்தாவின் நிறுவல் ஒன்று 2018 கொச்சி பினாலேயில் வைக்கப்பட்டிருந்தது. சிறைப்பட்ட 100 கவிஞர்களின் வரிகள், 100 மைக்குகள். அந்த மைக்குகள் தலைகீழாக வேலை செய்கின்றன. பேசுவதை வாங்காமல் அவையே பேசுகின்றன. தலைக்குப் பக்கத்தில் தொங்கும் ஒரு மைக்கை நெருங்கினால் ஒரு குரல், விலகினால் கூட்டத்தின் முணுமுணுப்பு. புரிதலும் புரியாமையும் தூரத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

அடுத்து உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஹெட்போனில் மிக்ஸ் செய்தவர்கள் 'கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று ரீவெர்ப், அதாவது செயற்கை முழக்கம், போட்டிருப்பார்கள். கூடம் தன் பங்கை எப்படியும் போடப்போகிறது. ஃபைலில் உள்ளதை முழுக்க எடுத்துவிடுங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வார்த்தை புரிய உதவுவது பெரிதாக ஒன்றும் இல்லை, அதையும் வெட்டலாம். வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி கூட்டுங்கள்.

இதெல்லாம் போதாவிட்டால்தான் உறிஞ்சும் பொருள். மடிப்பு வைத்துத் தொங்கவிட்ட கனமான திரை 40 சதுர மீட்டர் இருந்தால் உறிஞ்சல் 20 கூடும்; முழக்கம் 5.7லிருந்து 1.8 நொடிக்கு இறங்கும். முதல் திரை செய்யும் வேலையில் பாதியைக்கூட இரண்டாவது திரை செய்யாது. கணக்கில் உறிஞ்சல் கீழே இருப்பதால் அப்படி. திரையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். முட்டை அட்டையை மறந்துவிடுங்கள். அதை நம்பிச் சுவர் முழுக்க ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அது உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் சிதறடிக்கும், தூசி பிடிக்கும், தீயும் பிடிக்கும்.

அறிகுறி: பேஸ் ஓர் இடத்தில் வயிற்றைக் கலக்குகிறது, இரண்டடி தள்ளினால் காணோம்

இது நிலை அலை. ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் தன்னோடு தானே கூடுவதால், சில இடத்தில் இரட்டிப்பாகும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். எந்த அதிர்வெண்ணில் என்பது சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது: 343ஐ அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் எண் கிடைக்கும். அதன் இரு மடங்கு, மும்மடங்கிலும் இதே கூத்து.

6 மீட்டர் நீளம், 4 அகலம், 3 உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். பார்க்கச் சாதுவான அறை. நீளத்துக்கு 28.6 ஹெர்ட்ஸ், அடுத்து 57, அடுத்து 86. அகலத்துக்கு 43, அடுத்து 86. உயரத்துக்கு 57. கவனியுங்கள், 57இல் இரண்டு சேர்கின்றன, 86இல் இரண்டு சேர்கின்றன. அந்த இரண்டு சுரத்திலும் அறை கத்தும். நடுவில் உள்ளவற்றுக்கு ஏனோதானோ என்று இருக்கும். ஒன்றையொன்று சுலபமாக வகுக்கும் அளவுகள் கொண்ட அறை இப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும். மூன்று அளவும் சமமான கனசதுர அறை இன்னும் மோசம். அப்படி ஓர் அறையைக் கொடுத்தால், வேறு அறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

உறுதி செய்துகொள்ள, போனில் உள்ள டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஸ்பீக்கரோடு இணைத்து 30இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே அறையில் நடந்து பாருங்கள். எந்தச் சுரத்தில் எந்த இடம் முட்டுகிறது, எந்த இடம் ஊமையாகிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அது ஒரு படைப்பாகவே பிறந்தது. இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்கள் பேசிப் பதிவு செய்தார். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார். அந்தப் பதிவை மறுபடியும். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த அதிர்வெண்கள் தடிக்க, மற்றவை தேய, கடைசியில் சொற்கள் கரைந்து பேச்சின் தாளம் மட்டும் மணியோசையாக நிற்கிறது. உங்கள் கூடத்தில் ஒரு மைக், ஒரு லேப்டாப் வைத்து இதை ஐந்தாறு சுற்று செய்து பாருங்கள். அளவீட்டு மென்பொருள் வரைபடமாகக் காட்டும் சங்கதியைக் காதாலேயே கேட்டுவிடலாம். என் கணக்கில் மாணவர்களுக்கு அறையின் ஒலியைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

சரிசெய்வது எப்படி? பேஸை மட்டும் ஒலிக்கும் பெட்டியான சப்வூஃபர் (சுருக்கமாகச் சப்) மூலையில் இருந்தால் வெளியே எடுங்கள். மூலை எல்லா நிலை அலையையும் சேர்த்துக் கிளப்பிவிடும். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் எளிய வழி: கேட்பவர் நிற்கப்போகும் இடத்தில் சப்பை வையுங்கள், நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்தால் கேட்பவர் இடத்தில் அதே சமம் கிடைக்கும். முட்டும் சுரத்தை ஈக்யூவில் குறைக்கலாம். ஊமையான இடத்தை ஈக்யூவால் நிரப்ப முடியாது. கூட்டக் கூட்ட அங்கே ஒன்றையொன்று தின்பதும் கூடும், ஸ்பீக்கர் கோன்தான் கிழியும். ஃபோம் ஒட்டிப் பயனில்லை. உறிஞ்சும் பொருள் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால்தான் முழுசாக வேலை செய்யும். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர். 5 சென்டிமீட்டர் ஃபோம் 1700 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் நன்றாகப் பிடிக்கும். சட்டத்தில் அடித்த மெல்லிய ப்ளைவுட் பலகை, பின்னால் காற்றிடைவெளியோடு இருந்தால், தானே அதிர்ந்து தாழ் ஸ்தாயியை விழுங்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் உள்ள கூடத்தில் பேஸ் குறைவாக முட்டுவதற்கும் அதுதான் காரணம்.

இதைக் கோளாறு என்று சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். நியூயார்க் சர்ச் தெருவில் லா மான்ட் யங், மரியன் ஜஸீலா இருவரும் 1993இல் தொடங்கிய 'ட்ரீம் ஹவுஸ்' நிறுவல் முழுக்க இந்த நிலை அலைகளின் மேல் நிற்கிறது. மாறாத சுரங்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும். தலையைச் சாய்த்தால் ஒரு சுரம் போய் இன்னொன்று வரும். அசையாமல் நின்றால் எல்லாம் உறையும். உங்கள் படைப்பு நடந்து கேட்க வேண்டியது என்றால் சாக்பீஸ் குறிகளை அழிக்காதீர்கள், அவற்றையொட்டிப் பாதை போடுங்கள்.

அறிகுறி: ஒலி நகர வேண்டும், ஆனால் பக்கத்து ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்கிறது

இரண்டு ஸ்பீக்கரில் ஒரே ஒலியைக் கொடுத்தால் நடுவில் இருப்பது போலக் கேட்கும் என்பது, இரண்டுக்கும் சம தூரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உண்மை. நம் இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லி செகண்டை ஒட்டியது. அதை வைத்தே மூளை திசை சொல்கிறது. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட ஓர் அடி சொச்சம் பக்கத்தில் இருந்தாலே ஒரு மில்லி செகண்ட் முந்திவிடும். மொத்த ஒலியும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கண்காட்சிக்கு வருபவர்கள் நடக்கிறவர்கள். ஸ்டீரியோ பானிங்கை, அதாவது இரு ஸ்பீக்கரின் பலத்தை மாற்றி ஒலியை நகர்த்தும் உத்தியை, நம்பிச் செய்த நகர்வு அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

முந்தி வரும் ஒலிக்கே திசை சொந்தம் என்பதை 1949இல் ஹெல்முட் ஹாஸ் கோட்டிங்கனில் விரிவாக அளந்தார். 10 முதல் 30 மில்லி செகண்ட் பிந்தி வரும் அதே ஒலி 10 டெசிபல் வரை பலமாக இருந்தால்கூட, காது முதலில் வந்த பக்கத்தையே காட்டும். இதையே மருந்தாக்கலாம். ஒலி எங்கிருந்து வருவதாகத் தோன்ற வேண்டுமோ அந்த ஸ்பீக்கரை முதலில் ஒலிக்கவிட்டு, துணை ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்துங்கள். முதல் ஸ்பீக்கருக்கும் துணை ஸ்பீக்கருக்கும் இடையே தூரம் மீட்டரில் எவ்வளவோ அதை 2.9ஆல் பெருக்கி, மேலே 10 மில்லி செகண்ட் சேர்த்தால் போதும். காதில் விழும்போது உள்ள பிந்தல் 30ஐ ரொம்பத் தாண்டினால் பேச்சு இரட்டையாகக் கேட்கத் தொடங்கும்.

உண்மையிலேயே ஒலி நடக்க வேண்டுமென்றால் அது நடக்கும் வழி நெடுக ஸ்பீக்கர் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் அரங்கு அப்படிக் கட்டியதுதான். லெ கார்பூசியேவும் ஸெனாகிஸும் வடிவமைத்த வளைந்த சுவர்களில் 300க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்கள். எட்கார் வரேஸின் 8 நிமிடப் படைப்பு அவற்றின் வழியே வரிசையாக ஊர்ந்தது. அடுத்த வருடமே அரங்கை இடித்துவிட்டார்கள். இன்று பதிவில் கேட்பது அந்த இடம் இல்லாத மிச்சம்.

தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு: சண்டையை விட்டுவிடுவது. ஜேனட் கார்டிஃப் 2001இல் செய்த 'ஃபார்ட்டி பார்ட் மோட்டெட்' நிறுவலில் 40 ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாடகரின் குரல். தாமஸ் டாலிஸின் 16ஆம் நூற்றாண்டுப் பாடல். ஒரு ஸ்பீக்கரை நெருங்கினால் அந்த ஆளின் மூச்சுவரை கேட்கும், நடுவில் நின்றால் பாடகர் குழு முழுவதும். ஒரே ஒலி எங்கும் இரட்டிக்கவில்லை. ஒட்டிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

அறிகுறி: கைதட்டினால் படபடப்பு

இரண்டு வெற்றுச் சுவர் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு சுவரை மட்டும் கலைத்தால் போதும்: சாய்த்து வைத்த பலகை, புத்தக அலமாரி, திரை, எதுவும் உதவும். இரண்டையும் மூடுவது வீண் செலவு.

அறிகுறி: கூடத்தின் அந்தக் கோடியில் பேசுவது இங்கே காதோடு கேட்கிறது

வளைந்த சுவர் அல்லது குவிமாடம். பிஜாப்பூர் கோல்கும்பஸ் போனவர்களுக்கு இது சுற்றுலா வேடிக்கை. நிறுவல் வைப்பவருக்குத் தலைவலி. குழிவான சுவரோரம் கிளம்பும் ஒலி சுவரைத் தழுவியே ஓடும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இதை நேரில் ஆராய்ந்து 1921இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்களில் ஒருவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.ராமன். தீர்வு எளிது: ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், வளைவின் பாதையில் செங்குத்தாக ஒன்றிரண்டு தடுப்புகளை நிறுத்துங்கள். குவிமாடத்தின் நேர் மையத்துக்குக் கீழே ஸ்பீக்கரையும் வைக்காதீர்கள், நாற்காலியையும் போடாதீர்கள்.

அறிகுறி: பக்கத்துப் படைப்பின் சத்தம் என் படைப்புக்குள் வருகிறது

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். இதை நம்பி இரண்டு படைப்பையும் கூடத்தின் இரு கோடியில் வைத்துவிட்டு, அப்படியும் கேட்கிறதே என்று திகைப்பார்கள். முழங்கும் கூடத்தில் அந்த இறக்கம் முதல் ஒன்றிரண்டு மீட்டரோடு நின்றுவிடும். அதற்கப்பால் எங்கே நின்றாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். ஆகவே முதலில் முழக்கத்தைக் குறையுங்கள், பிறகு தள்ளி வையுங்கள்.

நடுவே ப்ளைவுட் தடுப்பு போட்டிருந்தால் அது கூரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாத தடுப்பு கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. தடுப்பின் எடை இரண்டு மடங்கானால் 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். ஆனால் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவடி இடுக்கு அந்த நூறில் ஒரு பங்கைச் சுலபமாக எட்டிவிடும். எனவே காசைச் சுவரில் போடும் முன் கதவில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

ஒலியைக் காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்டில் ஏற்றி அனுப்பும் குறுகிய கற்றை ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. டார்ச் ஒளி மாதிரிதான் அது, கண்ணாடியிலோ டைல்ஸிலோ பட்டால் அப்படியே திரும்பும்; பேஸும் வராது. கார்பெட் போட்ட இடத்தில், பேச்சுக்கு மட்டும் நல்லது. புரூஸ் நாமன் 2004இல் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் வேறு மாதிரி செய்தார். 150 மீட்டருக்கு மேல் நீளமான அந்தக் கூடத்தில் திசை கூர்ந்த தட்டை ஸ்பீக்கர்களை நெடுக வைத்து, ஒவ்வொரு பேச்சுத் துண்டும் ஒரு பட்டையாகக் குறுக்கே நிற்கும்படி விட்டார். நடந்தால் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததுக்குள் நுழைவோம். கலப்பைத் தடுக்க முடியாத இடத்தில் எங்கே கலக்க வேண்டும் என்பதையாவது நாம் முடிவு செய்யலாம்.

அறிகுறி: திறப்பு விழா அன்று ஒலி பொசுங்கிவிட்டது

நின்றிருக்கும் ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுகிறார். 40 பேர் வந்தால் 20 சதுர மீட்டர். அதாவது முன்னே சொன்ன திரையை முழுக்கக் கட்டிய மாதிரி. 5.7 நொடி கூடம் 1.8 நொடி கூடமாகும். ஆட்கள் பேசும் சத்தமும் மேலே ஏறும். முழக்கத்தையே நம்பிச் செய்த படைப்பு என்றால் அன்று அது கேட்காது. இரண்டு லெவல் செட்டிங்கை மிக்ஸரில் சேமித்து வைத்து, கூட்ட நாளுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று என்று காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் காது உயரத்தில் மட்டும் இருந்தால் முன்வரிசை உடம்புகளே உச்ச ஸ்தாயியை மறைத்துவிடும். விழாவுக்கு மட்டும் சற்று ஏற்றிக் கீழ்நோக்கிச் சாயுங்கள்.

அறிகுறி: திரை எல்லாம் கட்டியாயிற்று, இப்போது மந்தமாக, மூச்சு முட்டுகிறது

மெல்லிய திரையும் ஜமக்காளமும் உச்ச ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு, தாழ் ஸ்தாயி முழக்கத்தை அப்படியே விட்டுவிட்டன. பாதித் திரையை அவிழ்த்துவிட்டு அந்தக் காசைத் தடிமனான பஞ்சுப் பலகைக்குப் போடுங்கள். முழு மௌனத்தை யாரும் எட்டுவதில்லை. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951இல் ஹார்வர்டின் எதிரொலியற்ற அறைக்குள் போய், உயர்ந்த ஒன்றும் தாழ்ந்த ஒன்றுமாக இரண்டு சத்தம் கேட்டதாகச் சொன்னார். ஒன்று உங்கள் நரம்பு மண்டலம், மற்றது ரத்த ஓட்டம் என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கினாராம்.

அறிகுறி: 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல்

இது அறையின் வேலை அல்ல; மின்சாரம். ஆம்பின் இன்புட் கேபிளைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் கோளாறு கேபிளிலோ எர்த் சுற்றிலோ இருக்கிறது: லேப்டாப், ஆம்ப் இரண்டுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுங்கள், நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், நீளக் கேபிளுக்கு இரைச்சலை ரத்து செய்யும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிள் பயன்படுத்துங்கள். எர்த் பின்னை ஒடிப்பதைச் சிலர் வைத்தியமாகச் சொல்வார்கள். உயிர் போகும் வைத்தியம் அது. இன்புட்டைப் பிடுங்கியும் நிற்காவிட்டால் விளக்கு டிம்மரை அணைத்துப் பாருங்கள்.

குரல் நடுங்கினால் மேலே பாருங்கள்: ஸ்பீக்கருக்கும் ஆளுக்கும் நடுவே சீலிங் ஃபேன் சுற்றும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் யாரும் நின்று கேட்பதில்லை

இதற்கும் இடமே காரணமாக இருக்கலாம். படைப்பு எங்கே தொடங்குகிறது என்று காதுக்குத் தெரிகிறதா? ஒலி எங்கும் சம அளவில் பரவியிருந்தால் பார்வையாளருக்கு அது ஏசி சத்தத்தோடு சேர்ந்துவிடும். ஓர் எல்லை வேண்டும், அதைத் தாண்டும் ஓர் அடி வேண்டும். வாசலருகே ஒலி குறைந்து, உள்ளே இரண்டடி வைத்ததும் மாறினால் கால் தானாக நிற்கும். உட்கார ஒரு பெஞ்சு போட்டால் இன்னும் நிற்கும். பெஞ்சை ஒலி நன்றாக இருக்கும் இடத்தில் போட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மாக்ஸ் நியூஹாஸ் 1977இல் தரையில் காற்றுப் போக வைத்த ஒரு கம்பித் தட்டிக்குக் கீழே ஒலியை வைத்தார். பெயர்ப்பலகை இல்லை. அடியிலிருந்து மணியின் கார்வை போல ஒன்று எழும். தட்டியைத் தாண்டினால் போக்குவரத்து மட்டும். கடக்கிறவர்களில் பலர் கவனிப்பதே இல்லை, கவனித்தவர் தாமே கண்டுபிடித்ததாக நினைப்பார். 1992இல் நின்றது, 2002இல் திரும்ப வந்தது. ஆகவே நிற்காமல் போவதே உங்கள் நோக்கத்துக்கு ஒத்துவருமானால் பெஞ்சு வேண்டாம்.

அறிகுறி: வெளியே வைத்தோம், ஒலி காற்றோடு போய்விட்டது

மோதித் திரும்ப வர வெளியில் சுவர் இல்லை. 1 மீட்டரில் 76 டெசிபல் என்றால் 8 மீட்டரில் 58. சாலையோர இரைச்சலே அதை மூடிவிடும். பெரிய ஸ்பீக்கர் வைப்பது தீர்வாகாது. பக்கத்தில் நிற்பவர் காது வலிக்கும், தள்ளி நிற்பவருக்கு அப்போதும் கேட்காது. சின்னவற்றைப் பரவலாக வையுங்கள். இருக்கும் சுவரைப் பயன்படுத்துங்கள். சூசன் ஃபிலிப்ஸ் 2010இல் கிளாஸ்கோவில் க்ளைட் ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் தன் குரலில் ஒரு பழைய நாட்டுப்பாடலை ஒலிக்கவிட்டார். பாலத்தின் அடிப்பகுதியும் நீரும் சேர்ந்து, தனிக்குரலுக்கு வேண்டிய கூடத்தைக் கொடுத்துவிட்டன. கலைக்கான அவ்வருட டர்னர் பரிசு அவருக்குப் போனது.

பகலில் சோதித்ததும் இரவில் கேட்பதும் ஒன்றாக இருக்காது. வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளையும். இரவில் தரை குளிர்ந்ததும் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். எங்கோ நாலு ஊர் தள்ளி நடக்கும் திருவிழாவின் ஒலிபெருக்கி நள்ளிரவில் அடுத்த தெருவில் போலக் கேட்பது அதனால்தான். உங்கள் படைப்பும் அப்படியே போய் யார் வீட்டு ஜன்னலையாவது தட்டும். இந்திய ஒலி மாசு விதிகள், 2000 படி பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகத் தடை. பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலையோ, அப்பகுதிக்குரிய அளவுக்கு மேல் 10 டெசிபலையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பதால் இடம் பார்க்கும் நாளிலேயே அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையைக் காட்சி நடக்கும் அதே நேரத்தில் வையுங்கள், எல்லையில் ஓர் ஆளை மீட்டரோடு நிறுத்துங்கள்.